4 கப் மைதா, 1 பாக்கெட் ஈஸ்ட்: அமெரிக்க பன் குறிப்பை கிராமுக்கு எப்படி மாற்றுவது?

அல்சூர் அடுப்படி கேட்டது:

ஐயங்கார் பேக்கரி காரா பன் வீட்டில் போட ஆசை. அமெரிக்க டின்னர் ரோல் குறிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்க்கிறேன். குறிப்பு இதுதான்:

ஆல் பர்ப்பஸ் மாவு 4 கப், ஆக்டிவ் டிரை ஈஸ்ட் 1 பாக்கெட், வெதுவெதுப்பான தண்ணீர் கால் கப், காய்ச்சிய பால் 1 கப், சர்க்கரை ⅓ கப், வெண்ணெய் 6 டேபிள்ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன். 9×13 இன்ச் தட்டு, 375 டிகிரி ஃபாரன்ஹீட், 20 நிமிஷம்.

என்னிடம் இருப்பது 250 மி.லி. கப் செட், இன்ஸ்டன்ட் ஈஸ்ட், உப்பு போட்ட வெண்ணெய், 1 கிராம் வரை காட்டும் தராசு, 8 இன்ச் சதுரத் தட்டு, ஓடிஜி (மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார அவன்). மைதா டப்பாவில் கப்பை விட்டு மொண்டு, தலைதட்டி 4 கப் எடுத்தேன். ஈஸ்ட் பாக்கெட்டுக்குப் பதில் இரண்டேகால் டீஸ்பூன். பிசையும்போதே மாவு கல்லு மாதிரி இருந்தது. ஆனால் 35 நிமிஷத்திலேயே இரண்டு மடங்காக உப்பிவிட்டது. வெந்த பன் மேலே வெளிறிப்போய், ஆறினதும் தோல் சுருங்கிவிட்டது. விண்டால் ஈஸ்ட் வாடை. மறுநாள் பொடிப்பொடியாக உதிர்கிறது.

கப்பை எத்தனை கிராம் என்று எடுத்துக்கொள்வது? ஆக்டிவ் டிரை ஈஸ்டுக்கு இன்ஸ்டன்ட் எவ்வளவு? பெங்களூரு உயரத்தில் இருப்பதால் ஈஸ்டைக் குறைக்கணும் என்கிறார்களே, உண்மையா?

---

மாவுக்கணக்கு எழுதியது:

கல்லு மாதிரி ஆனதற்கு ஈஸ்ட் காரணமில்லைங்க, கப்தான். இரண்டு இடத்தில் வழுக்கியிருக்கிறது.

முதலாவது, கப்பின் கொள்ளளவு. அமெரிக்க கப் 237 மி.லி. (அவர்களே 240 என்று முழுசாக்கிச் சொல்வார்கள்). நம்ம ஊரில் விற்கும் செட் சில 240, சில 250. இது 5% வித்தியாசம்தான், இதனால் மட்டும் பன் கெடாது.

இரண்டாவதுதான் பெரிய விஷயம்: மொள்ளுகிற விதம். அமெரிக்கக் குறிப்புகளில் 1 கப் மாவு என்றால் பெரும்பாலும் 120 முதல் 125 கிராம். மாவைக் கரண்டியால் கிளறித் தளர்த்தி, கப்பில் தூவி நிரப்பி, கத்தி முதுகால் வழித்தால் வருகிற எடை அது. டப்பாவுக்குள் கப்பை விட்டு மொண்டால் மாவு அமுங்கி ஏறிவிடும். 250 மி.லி. கப்பில் அப்படி மொண்டால் 145, 150 கிராம் சாதாரணமாக வரும். 4 கப்புக்கு 480 கிராம் வேண்டிய இடத்தில் நீங்கள் ஏறக்குறைய 600 போட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். குறிப்புப்படி பாலும் தண்ணீரும் சேர்த்து 300 மி.லி., மாவு 480. மாவின் எடையில் 62%. உங்கள் பன்னில் 312 மி.லி.க்கு 600 கிராம், அதாவது 52%. பூரிக்குப் பிசைகிற பதத்துக்குக் கிட்டே போய்விட்டது. மறுநாள் உதிராமல் என்ன செய்யும்!

தராசு கையில் இருக்கிறதே, கப்பை அலமாரியில் வையுங்கள். இந்தக் குறிப்பு கிராமில்:

மைதா 480
பால் 240
தண்ணீர் 60
சர்க்கரை 67 (1 கப் 200 கிராம் கணக்கில்)
வெண்ணெய் 85 (1 டேபிள்ஸ்பூன் 14 கிராம் சொச்சம்)
உப்பு 9 (தூள் உப்பு 1 டீஸ்பூன் சுமார் 6 கிராம்)

உப்பில் ஒரு சின்ன விஷயம். அமெரிக்கக் குறிப்பில் "கோஷர் உப்பு" என்று இருந்தால் 1 டீஸ்பூன் 6 கிராம் வராது. அது பெரிய செதிலாக இருக்கும், பிராண்டைப் பொறுத்து 3 முதல் 5 கிராம்தான். எந்த உப்பாக இருந்தாலும் மாவின் எடையில் 1.8 முதல் 2% என்று வைத்துக்கொண்டால் ஸ்பூன் கவலையே வேண்டாம். அப்புறம் உங்கள் வெண்ணெயிலும் உப்பு இருக்கிறது. உறையில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. பெரும்பாலும் 100 கிராம் வெண்ணெய்க்கு 2 கிராம் உப்பு வரும், 85 கிராமுக்கு 1.7. மாவில் போடும் 9 கிராமிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள்.

அமெரிக்கக் குறிப்பில் "1 ஸ்டிக்" வெண்ணெய் என்று வந்தால் 113 கிராம். நம்ம 100 கிராம் பாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு, குறைகிறதே என்று முழிக்க வேண்டாம்.

---

புளிச்ச மாவு எழுதியது:

ஈஸ்ட் பக்கம் நான் சொல்றேன்.

அமெரிக்க பாக்கெட் ஒண்ணு 7 கிராம், அதாவது கால் அவுன்ஸ். ஸ்பூனில் இரண்டேகால் டீஸ்பூன். அது ஆக்டிவ் டிரை. இன்ஸ்டன்ட் போட்டா அதில் முக்கால் பங்கு: 7 × 0.75 = 5.25 கிராம், டீஸ்பூனில் ஒண்ணே முக்கால் தலைதட்டி. நீங்க போட்டது மூணில் ஒரு பங்கு கூடுதல்.

ஏன் முக்கால்? ஆக்டிவ் டிரை ஈஸ்டை உலர்த்தும்போது உருண்டையோட வெளிப்புற செல்கள் செத்துப் போய் உள்ளே இருக்கிறதுக்கு ஒரு ஓடு மாதிரி ஆயிடும். அந்த ஓட்டுக்கும் சேர்த்துத்தான் எடை. அதைக் கரைக்கத்தான் 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிஷம் ஊற வைக்கச் சொல்றாங்க. இன்ஸ்டன்ட் ரவை மாதிரி பொடியா இருக்கும், உயிரோட இருக்கிற செல் அதிகம், மாவில் நேரடியா கலந்துடலாம். அந்தக் கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர் குறிப்பில் இருக்கிறது ஈஸ்ட் ஊறத்தான். இன்ஸ்டன்ட் போடறோம்னு அந்தத் தண்ணீரை விட்டுடாதீங்க, மாவோட ஈரக் கணக்கில் அதுவும் சேர்த்தி.

ஐஸ் தண்ணீரை மட்டும் வெறும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் மேல ஊத்தாதீங்க. உலர்ந்த செல் குளிர்ந்த தண்ணியில் நனைஞ்சா உள்ளே இருக்கிற குளுட்டாதியோன்ங்கிற பொருள் கசிஞ்சு வெளிய வரும். அது மாவுக்கு இழுவை தர்ற குளூட்டனை இளக்கிடும், மாவு கையில் பிசுபிசுன்னு ஒட்டும். முதல்ல மைதாவில் கலந்துட்டு அப்புறம் எந்தக் குளிர்ச்சியில் ஊத்தினாலும் பரவாயில்லை. அதே மாதிரி 55 டிகிரி தாண்டின பாலையும் ஊத்தாதீங்க, ஈஸ்ட் செத்துடும். விரல் வெச்சா சுகமா இருக்கணும், சுடக்கூடாது.

ஐரோப்பாக்காரங்க குறிப்பு வேற மாதிரி இருக்கும். ஜெர்மன் குறிப்பில் "1 கியூப்" ஃப்ரெஷ் ஈஸ்ட்னா 42 கிராம். அரை கியூப் 21 கிராம், அது 7 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட்டுக்குச் சமம். ஃப்ரெஷ் ஈஸ்ட் 3 பங்குன்னா இன்ஸ்டன்ட் 1 பங்கு. பேக்கரி சாமான் விக்கிற கடையில் அரைக்கிலோ கட்டியா கிடைக்கிற ஈஸ்டுக்கும் இதே கணக்குதான். அந்தக் கட்டியில் முக்கால்வாசி தண்ணீர், அதனால 21 கிராமை 7 ஆக்கினா குறையற 14 கிராமுக்குத் தண்ணீர் சேர்த்துக்கணும். பன்னுக்கு அது ஒண்ணும் பெரிசில்லை. அஞ்சு கிலோ மாவு பிசையறவங்க பார்க்க வேண்டியது.

---

கிராம் தராசு எழுதியது:

0.75 சரிதான். ஆனால் 5.25 கிராமும் இங்கே இந்த மாசத்துக்கு அதிகம் என்பேன். அமெரிக்கக் குறிப்பு எழுதுகிறவர் மனதில் இருப்பது 21 முதல் 24 டிகிரி சமையலறை. ஏப்ரலில் மத்தியானம் நம்ம சமையலறை 30க்கு மேல். ஈஸ்டின் வேகம் 8 முதல் 10 டிகிரிக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டிக்கும். மாவின் எடையில் 1% இன்ஸ்டன்ட் போட்டுப் பிசைந்த மாவு இரண்டு மடங்காக 22 டிகிரியில் ஒன்றரை மணி எடுத்தால், 27இல் ஒரு மணி, 32இல் 40 நிமிஷம் போதும். உங்களுக்கு 35 நிமிஷத்தில் உப்பியது, வாடை எல்லாம் இதில் சேர்த்திதான்.  மெல்லிய தோல், உள்ளே பெரிய காற்று. ஆறும்போது சுருங்கத்தான் செய்யும்.

உயரம் பற்றி: பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேல். தண்ணீர் 97 டிகிரியில் கொதிக்கும், காற்றழுத்தம் சுமார் 10% குறைவு. அதனால் மாவு கொஞ்சம் சீக்கிரம் எழும். ஈஸ்டைக் குறைக்கும் அளவுக்கு அது இல்லை. டிசம்பரில் இதே ஊரில் இதே உயரத்தில் இதே மாவு எழ ஒன்றரை மணி, இன்னும் கூடக்கூட எடுக்கும். ஆக, காரணம் வெயில். (பேக்கிங் பவுடர் போட்ட கேக் வேறு கதை. அங்கே 1 டீஸ்பூனுக்கு ⅛ டீஸ்பூன் குறைத்துப் பார்க்கலாம்.)

செய்ய வேண்டியது இரண்டு. ஈஸ்டை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்: 480 கிராம் மைதாவுக்கு 3.5 கிராம் இன்ஸ்டன்ட். அதோடு பிசைந்த மாவு 26 டிகிரியில் நிற்கும்படி ஊற்றுவதன் சூட்டை வையுங்கள். கணக்கு: 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் மாவின் சூடு, அறையின் சூடு, கையால் பிசைவதற்கு ஒரு 2 டிகிரி கழிக்கவும். 78 − 30 − 30 − 2 = 16. காய்ச்சி ஆறவைத்த பாலை ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்து (8 டிகிரி இருக்கும்), 60 மி.லி. தண்ணீரை 45 டிகிரியில் அதில் கலந்தால் 16க்குப் பக்கத்தில் வந்துவிடும். மிக்சி மாதிரி மெஷினில் பிசைந்தால் உராய்வுச் சூடு அதிகம், 2க்குப் பதில் 10 வரைகூடக் கழிக்க வேண்டிவரும்.

கடிகாரத்தை நம்பாமல் பாத்திரத்தை நம்புங்கள். நேர் சுவராக இருக்கும் ஒரு கண்ணாடி டம்ளரில் எலுமிச்சை அளவு மாவைப் போட்டு அழுத்தி, உயரத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். பேண்டுக்கு மேல் அதே உயரம் வந்ததும் பெரிய பாத்திரத்து மாவும் தயார். குண்டான் வளைந்திருந்தால் இரண்டு மடங்கு என்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று. உங்கள் குறிப்பில் சர்க்கரை 14%. பத்துக்கு மேல் போனாலே சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு சாதாரண ஈஸ்டை மந்தமாக்கும். அதனால்தான் குறிப்பில் ஈஸ்ட் தாராளம். சாஃப் (SAF) பிராண்ட் ஈஸ்டில் சிவப்புப் பாக்கெட், பொன்னிறப் பாக்கெட் என்று இரண்டு இருப்பதும் இதற்குத்தான். பொன்னிறம் இனிப்பு மாவுக்கு. காரா பன்னுக்கு இவ்வளவு இனிப்பு எதற்கு? 8% போதும், 480க்கு 38 கிராம். சிவப்பே தாங்கும், ஈஸ்டும் 3 கிராமில் முடிந்துவிடும்.

---

அல்சூர் அடுப்படி:

ரொம்ப நன்றிங்க. 8 இன்ச் தட்டுக்கு எவ்வளவு மாவு என்று யாராவது சொல்லுங்களேன். அப்புறம் என் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாது. ஈஸ்டை மெதுவாகத் தூவினால் 3 ஸ்பூன் போட்ட பிறகும் 0 என்றே நிற்கிறது!

---

மாவுக்கணக்கு:

9×13 என்றால் 117 சதுர இன்ச். 8×8 என்றால் 64. பாதிக்குச் சற்று மேல். குறிப்பைப் பாதியாக்கினால் போதும்: மைதா 240, பால் 120, தண்ணீர் 30, சர்க்கரை 19, வெண்ணெய் 42, உப்பு மூன்றரை (வெண்ணெயின் உப்பு கழித்தது), இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1.5. மொத்தம் 455 கிராம் வரும், 50 கிராம் உருண்டையாக ஒன்பது. மூன்றுக்கு மூன்று வரிசை, இடையில் ஒரு விரல் இடம்.

தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூனை நிறுத்திவைத்துப் பிசையுங்கள். மைதா பிராண்டுக்குப் பிராண்ட் குடிக்கிற அளவு மாறும். பாதிக்குப் பாதி ஆட்டா போட்டால் நிறுத்திவைத்ததும் போதாது, மேலே ஒரு 15, 20 மி.லி. கேட்கும். சக்கியில் அரைத்த மாவு கூடுதலாகக் குடிக்கும்.

375 ஃபாரன்ஹீட் என்றால் 190 டிகிரி செல்சியஸ். ஓடிஜியில் மேல் கம்பி பக்கத்தில் இருப்பதால் 180 வைத்து நடுத்தட்டுக்குக் கீழே வையுங்கள்.

---

புளிச்ச மாவு:

தராசு பழுதில்லைங்க. கொஞ்சம் கொஞ்சமா தூவினா சின்ன ஏற்றத்தை அது நடுக்கம்னு நெனச்சு 0க்குத் திருத்திக்கும். ஈஸ்ட் பாட்டிலையே தராசில் வெச்சு 0 ஆக்கி, பாட்டிலைத் தூக்கி ஸ்பூனில் எடுத்துட்டுத் திரும்ப வெச்சா மைனஸில் காட்டும். அதுவும் 1 கிராம் துல்லியம்தான்.

1.5 கிராமுக்கு வழி இது. 5 கிராம் ஈஸ்ட் நிறுத்து, கை பொறுக்கிற சூட்டில் 50 மி.லி. தண்ணியில் கரைங்க. 10 மி.லி.க்கு 1 கிராம். மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கி 15 மி.லி. எடுங்க. ஈஸ்ட் அடியில் தங்கும், உறிஞ்சறதுக்கு முன்னாடி கலக்கிடணும். அந்த 15 மி.லி.யை 30 மி.லி. தண்ணீரில் கழிச்சுக்கோங்க. அடிக்கடி செய்யறவங்கன்னா 0.01 கிராம் நகைத் தராசு வாங்கிடலாம்.

அவ்வளவு மெனக்கெட வேண்டாம்னா தலைதட்டி அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் 1.5 கிராம்தான். டீஸ்பூன் 5 மி.லி. செட்டில் இருக்கிறதா இருக்கணும், காபி கலக்கிற ஸ்பூன் இல்லை.

வெங்காயத்தைப் பச்சையா முதல்லயே போட்டுப் பிசைஞ்சா உப்பு பட்டுத் தண்ணி விடும், பிசைஞ்ச பதம் கால் மணியில் மாறிடும். வதக்கி ஆறவெச்சு, பிசைஞ்சு முடிச்சப்புறம் மடிச்சு மடிச்சுச் சேருங்க.

---

படி ஆழாக்கு:

அம்மா, பாட்டி குறிப்பேட்டில் "மைதா 2 ஆழாக்கு" என்று இருப்பவர்களுக்கு: சென்னைப் படி கணக்கில் ஆழாக்கு 168 மி.லி., உழக்கு 336, படி 8 ஆழாக்கு. தலைதட்டி மொண்ட மைதா 1 ஆழாக்கு 100 கிராமை ஒட்டி வரும். ஆனால் ஊருக்கு ஊர் படி வேறு, அதனால் வீட்டில் இருக்கும் ஆழாக்கையே சோதியுங்கள். தராசில் வைத்து 0 ஆக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மி.லி. ரைஸ் குக்கரோடு வரும் கப்பும் இப்படித்தான் ஏமாற்றும். பல கம்பெனிகளில் அது 180 மி.லி. வகை. அதை 1 கப் என்று நினைத்து அமெரிக்கக் குறிப்பு போட்டால் கால் பங்கு குறையும்.

ஆஸ்திரேலியக் குறிப்பில் டேபிள்ஸ்பூன் 20 மி.லி. நம்முடையதும் அமெரிக்காவினுடையதும் 15. உப்பிலும் ஈஸ்டிலும் இது உறைக்கும்.

---

அல்சூர் அடுப்படி:

கப்பில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், 250 என்று அச்சடித்த கப் 243தான் காட்டுகிறது. சாயந்திரம் பிசைந்து ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் எவ்வளவு?

---

கிராம் தராசு:

240 கிராம் மைதாவுக்கு 1 கிராம், அதாவது 0.4%. அரை டீஸ்பூனில் மூன்றில் இரண்டு பங்கு. உருட்டாமல் மொத்தமாக, எண்ணெய் தடவிய தட்டையான டப்பாவில் பரப்பி உடனே உள்ளே வையுங்கள். பந்தாக வைத்தால் நடுப்பகுதி குளிர இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் நம்ம ஊர் வெயிலில் பாதி எழுந்துவிடும். காலையில் எடுத்துச் சில்லென்றே உருட்டி, தட்டில் அடுக்கி, விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகத் திரும்பி வரும் வரை வையுங்கள். ஏப்ரலில் ஒண்ணேகால் மணி, டிசம்பரில் இரண்டு மணிக்கும் மேல்.